இமையில் ஒரு கட்டி, இரண்டு கண் ஆஸ்பத்திரி, ஒரு சின்ன பாட்டில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரண்டு ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதப் போவதில்லை. முதல் இடத்தில் நடந்தது கசப்பான விஷயம். பெயர் போட்டு எழுதினால் நாளைக்கே அந்த டாக்டர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என் அச்சகத்துக்கு வந்தாலும் வரும், மதுரை அவ்வளவு சின்ன ஊர். இரண்டாவது இடத்தைப் பற்றி நல்லதுதான் அதிகம் சொல்லப் போகிறேன், ஆனாலும் நாலு குறை இருக்கிறது, அதையும் விடுவதாக இல்லை. நம்ம ஊரில் கண் என்று வாயெடுத்தாலே எல்லோருக்கும் அண்ணா நகர் அரவிந்த்தான் ஞாபகம் வரும், 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த கதை ஊருக்கே மனப்பாடம். அதனால் "அங்கேயா, வேற இடமா" என்று கேட்காதீர்கள், பதில் வராது.

சிம்மக்கல் பக்கம் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன், 19 வருஷம் ஆகிறது. என் பிழைப்பு லூப்பில் ஓடுகிறது. லூப் என்றால் தாளின் மேல் வைத்துக் குனிந்து பார்க்கிற சின்ன பூதக்கண்ணாடி, நாலு கலரின் புள்ளிகளும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். நான் இடது கண்ணால் பார்த்துப் பழகியவன். போன பங்குனியில் சித்திரைத் திருவிழா நோட்டீஸ் ஓடிக்கொண்டிருந்தபோது மெஜந்தா ஒரு மயிரிழை விலகித் தெரிந்தது. மெஷினை நிறுத்தச் சொன்னேன். ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டு "அண்ணே, சரியாத்தானே இருக்கு" என்றான். மறுபடி பார்த்தேன், விலகித்தான் இருந்தது. வலது கண்ணால் பார்த்தேன், சரியாக இருந்தது. கலர் விலகவில்லை, நான்தான் விலகியிருக்கிறேன்.

இடது மேலிமையில், இமை மயிருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கட்டி இருந்தது. இருப்பது எனக்குத் தெரியும், இரண்டு வருஷமாகவே தெரியும். கடுகாக இருந்து மிளகாகி, அப்புறம் பாசிப்பயறு அளவுக்கு வந்திருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை. வலிக்காததை யார் கவனிக்கிறார்கள்? அம்மா "உடம்புச் சூடுடா, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றார், நாலு சனிக்கிழமை குளித்தேன். வீட்டுக்காரி நாமக்கட்டி உரசிப் போட்டாள், வெள்ளை இமையோடு கடையில் உட்கார்ந்து வந்தவன் போனவனிடமெல்லாம் பதில் சொன்னதுதான் மிச்சம். கட்டி விழியை மேலிருந்து அழுத்தும்போது கருவிழியின் வளைவு கொஞ்சம் மாறிப் பார்வை மங்கும் என்பது பின்னால் தெரிந்த விஷயம்.

முதல் இடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற சின்ன கண் ஆஸ்பத்திரி. போனேன், டாக்டர் விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார், "கலேசியான், சின்ன வேலைதான், இன்னைக்கே எடுத்துடலாம்" என்றார். கலேசியான் என்றால் நாம் கண்கட்டி என்று பொதுவாகச் சொல்கிற கூட்டத்தில் ஒன்று. இமைக்குள் எண்ணெய் சுரக்கிற குழாய் அடைத்துக்கொண்டு உள்ளேயே கட்டியாகிவிடும். இமையில் கட்டியோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான், அதனால் அவர் அப்படி நினைத்ததை நான் தப்பென்று சொல்லவே மாட்டேன். இமையைப் புரட்டி, வளையம் வைத்த இடுக்கி போட்டு, உட்புறமாகக் கீறிச் சுரண்டினார். சுரண்டும்போது "கெட்டியா இருக்கே, பழசாயிடுச்சு போல" என்று அவரே சொன்னார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏனென்றால் கலேசியானைக் கீறினால் கொழகொழவென்று கூழ் மாதிரிதான் வருமாம், எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. வந்த துணுக்கைப் பஞ்சில் துடைத்தார், பஞ்சு காலடியில் இருந்த பக்கெட்டுக்குப் போனது. 3,500 ரூபாய், ஒரு களிம்பு, ஒரு சொட்டு மருந்து, ராத்திரி வரைக்கும் கண்ணில் கட்டு.

வீக்கம் பத்து நாளில் வடிந்தது, கட்டி வடியவில்லை. ஆடி மாதம் பார்த்தால் முன்னைவிடப் பெரிசு. திரும்பப் போனேன். "சிலருக்கு அப்படித்தான் சார், திரும்பத் திரும்ப வரும், இன்னொரு தடவை சுரண்டிடலாம், உங்களுக்குப் பாதி ரேட்டுக்கே பண்ணித் தரச் சொல்றேன்" என்றார். நானும் பத்திரிகை ரீபிரிண்டுக்குப் பாதி ரேட்தான் வாங்குவேன், ஆனால் தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த வாரம் பேரன் காதுகுத்துப் பத்திரிகைக்கு ஒரு அக்கா வந்தார், அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். புரூஃப் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்தார். கதையைக் கேட்டுவிட்டு, "எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்களா தம்பி?" என்றார். எந்த டெஸ்ட் என்றேன். "போன இடத்துலயே திரும்ப வந்தா, எடுக்கறது எதுவா இருந்தாலும் பாட்டில்ல போட்டு அனுப்பணும். இனி எங்க போனாலும் மொதல்ல அதைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் பேரன் பெயரில் ஒற்று மிகாது என்று ஒரு திருத்தமும் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது இடம் பெரிய ஆஸ்பத்திரி. இமை, கண்ணீர்ப்பை, கண்ணைச் சுற்றிய எலும்புக்குழி இதற்கெல்லாம் என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், ஓகுலோபிளாஸ்டி என்று பலகையில் போட்டிருந்தது. இப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், கண் டாக்டர் என்றால் எல்லாக் கண்ணுக்கும் ஒரே டாக்டர் என்று 46 வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் முதல் குறை. காலை எட்டு மணிக்கு டோக்கன், பார்வை பார்த்தது ஒன்பதரைக்கு, டாக்டர் முன்னால் உட்கார்ந்தது மதியம் ஒன்றே காலுக்கு. இரண்டாவது குறை, ஒரே அறையில் மூன்று டாக்டர் மேஜை, நடுவில் திரைச்சீலை மட்டும். வரிசையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் உள்ளே இருப்பவரின் வியாதி முழுக்கக் கேட்கும். இது சரியில்லை, எழுத்தில் கொடுத்தும் விட்டு வந்திருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், இமையில் வருகிற கட்டிகளைப் பற்றி எனக்கு இன்றைக்குத் தெரிந்ததில் பாதி அந்தத் திரைச்சீலை வழியாக வந்ததுதான்.

எனக்கு முன்னால் செல்லூரில் இட்லிக் கடை போட்டிருக்கிற ஒரு அக்கா. இரண்டு கண்ணுக்குக் கீழேயும் சின்னச் சின்னதாக, நீர் கோத்த மாதிரி, பளபளவென்று மணிகள். விடியற்காலை மூன்று மணியிலிருந்து இட்லிக் கொப்பரை ஆவியில் நிற்கிறவர். "சித்திரை வைகாசியில முத்து முத்தா பொங்குது, மார்கழியில காணாமப் போகுது, என்னா மாயமோ தாயி" என்று டாக்டரிடம் சொன்னார். அந்தப் பெண் டாக்டர் சிரித்துக்கொண்டே, அது வியர்வைச் சுரப்பியின் குழாய் அடைத்து வியர்வை உள்ளேயே தேங்குகிற நீர்ப்பை, சூட்டில் வியர்வை அதிகம் என்பதால் பெரிசாகும், குளிரில் வற்றும், ஆபத்து ஒன்றுமில்லை என்று சொன்னார். ஊசியால் குத்தினால் வடியும், ஆனால் அடுப்பு முன்னால் நிற்கிற வரைக்கும் பக்கத்தில் புதிதாக வரும் என்றும் சொன்னார். ராபின்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1893லேயே இதை எழுதியிருக்கிறார், அவர் பார்த்ததும் ஆவியிலும் அனலிலும் நின்று சமையல் வேலை, துணி வெளுக்கிற வேலை பார்த்த பெண்களைத்தானாம். இது நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தது.

அந்த அக்கா வெளியே வந்து சீட்டை என்னிடம் நீட்டி என்ன எழுதியிருக்கிறது தம்பி என்று கேட்டார். ஆங்கிலத்தில் ஹிட்ரோசிஸ்டோமா என்று இருந்தது. புரூஃப் பார்க்கிற புத்தி சும்மா இருக்குமா, 'ஒய்' வர வேண்டிய இடத்தில் 'ஐ' போட்டிருக்கிறார்கள், ஹைட்ரோ அல்லவா, ஸ்பெல்லிங் மிஸ்டேக் என்று மனதுக்குள் வட்டம் போட்டுவிட்டேன். மிஸ்டேக் என்னுடையது. 'ஒய்' போட்டால் கிரேக்கத்தில் தண்ணீர், 'ஐ' போட்டால் வியர்வை. ஒரு எழுத்தில் அர்த்தம் மாறுகிற வார்த்தையைத் திருத்தப் போய் அசடு வழிவது எனக்குப் புதிதில்லை.

அடுத்து மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கல்லூரிப் பெண், கீழிமையில் தோல் நிறத்திலேயே குட்டிக் குட்டியாகப் பத்துப் பதினைந்து மேடு. அழகுநிலையத்தில் ஏதோ க்ரீம் விற்றிருக்கிறார்கள், ஒரு வருஷம் போட்டிருக்கிறது. அதன் பெயர் சிரிங்கோமா, அதுவும் வியர்வைக் குழாயிலிருந்து வருவதுதான், பெண்களுக்கு அதிகம், வயதுக்கு வந்த பிறகு தோன்றும், தோலின் உள்ளடுக்கில் இருப்பதால் க்ரீம் அங்கே போய்ச் சேரவே சேராது, தொந்தரவில்லை, அழகுக்காக வேண்டுமானால் லேசர் செய்யலாம் என்றார்கள். சிரிங்ஸ் என்றால் கிரேக்கத்தில் குழல், நாம் சொல்கிற சிரிஞ்சும் அதே வேர்தான்.

அப்புறம் ஒரு பெரியவர் உள்ளே போனார். எழுபது இருக்கும், துண்டால் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். டாக்டரின் குரல் தானாகத் தணிந்தது, ஆனாலும் கேட்டது. இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கண்கட்டி என்று கீறியிருக்கிறார்கள், ஒரு தடவைகூட அனுப்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் இமை மயிர் கொட்டிவிட்டிருந்தது. எண்ணெய்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய் கண்கட்டி வேஷத்தில்தான் வருமாம், மேற்கு நாடுகளைவிட நம் நாட்டு இமைகளில் அது அதிகமாகப் பார்க்கிற ஒன்று, உடனே பயாப்சி, அதாவது ஒரு துணுக்கை வெட்டி டெஸ்ட்டுக்கு, எடுக்க வேண்டும் என்றார்கள். வரிசையில் யாரும் பேசவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. என்னுடையதும் கண்கட்டி என்று கீறியதுதான், என்னுடையதும் திரும்ப வந்ததுதான்.

என் முறை வந்தது. இந்த ஆஸ்பத்திரிக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பாதி அந்த இருபது நிமிஷத்துக்கு. டாக்டர் முதலில் தொடவில்லை, கேட்டார். எப்போதிலிருந்து, எவ்வளவு வேகத்தில் வளர்ந்தது, வெயில் காலத்தில் பெரிசாகிறதா, ரத்தம் வந்ததா, சுரண்டியபோது என்ன வந்தது. 'கெட்டியாக இருக்கே' என்று அந்த டாக்டர் சொன்னதை நான் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். அப்புறம் மைக்ராஸ்கோப் மாதிரி கருவியில் தாடையை வைக்கச் சொல்லி இமை மயிரை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கொட்டவில்லை. தோலில் புண் இல்லை. பக்கத்தில் டார்ச் வைத்துப் பார்த்தார், நீர்ப்பையாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவிப் பளிச்சென்று தெரியும், என்னுடையது இருட்டாகவே இருந்தது, அப்படியானால் உள்ளே தண்ணீர் இல்லை, கெட்டிப் பொருள். இமையைப் புரட்டிப் பார்த்தார், பழைய கீறலின் தழும்பு தவிர உள்பக்கம் அமைதி. காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஸ்கேல் வைத்து ஃபோட்டோ எடுத்தார்கள், 8 மில்லிமீட்டர்.

பிறகு ஒரு தாளில் இமையை நெடுக்காகப் பிளந்த மாதிரி படம் போட்டார். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தானாம், அதற்குள் இத்தனை கூட்டமா என்று இருந்தது. நடுவில் தகடு மாதிரி ஒன்று, அதற்குள் வரிசையாக மெய்போமியன் என்ற எண்ணெய்ச் சுரப்பிகள், 1666இல் மெய்போம் என்ற ஜெர்மன்காரர் விவரித்ததால் அந்தப் பெயர். கண்கட்டி அங்கே வரும். இமை மயிர் வேரில் ஒட்டிக்கொண்டு இன்னொரு எண்ணெய்ச் சுரப்பி, அதற்குப் பக்கத்திலேயே மோல் என்ற டச்சு டாக்டர் பெயரில் ஒரு வியர்வைச் சுரப்பி. இது போக உடம்பு முழுக்க இருக்கிற சாதாரண வியர்வைச் சுரப்பி இமைத் தோலிலும் உண்டு. இத்தனையில் எது வேண்டுமானாலும் கட்டியாகலாம், சாதுவாகவும் ஆகலாம், பொல்லாததாகவும் ஆகலாம்.

"உங்களது சாதுவானதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் சார், மெதுவா வளர்ந்திருக்கு, மயிர் கொட்டல, புண் இல்ல. ஆனா என்ன கட்டின்னு வெளியிலேருந்து பார்த்தே பேர் சொல்றவர் டாக்டர் இல்ல, ஜோசியர். முழுசா எடுத்து அனுப்பிப் பார்த்துச் சொல்றேன்" என்றார். எனக்கு அந்த ஒரு பதில் போதும். நான் கேட்க நினைத்திருந்த பாட்டில் கேள்வியைக் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. சுரண்டாமல் ஏன் முழுசாக என்றும் கேட்டேன். உறையோடு, சுற்றி ஒரு நூல் நல்ல சதையோடு எடுத்தால்தான் திரும்ப வராது, சுரண்டினால் உறை கிழிந்து மிச்சம் தங்கிவிடும் என்றார். பங்குனியில் எனக்கு நடந்தது அதுதான்.

ஆபரேஷன் ஆவணியில். இதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. மரத்துப் போகிற ஊசிதான் எரிச்சல், பச்சை மிளகாயைக் கண்ணில் தேய்த்த மாதிரி முப்பது விநாடி, அப்புறம் இழுப்பது மட்டும் தெரியும், வலி தெரியாது. மேலிமை மடிகிற கோட்டிலேயே கீறியதால் இன்றைக்குத் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பழைய சுரண்டலில் கட்டி உள்தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம், தகட்டிலும் ஒரு சீவல் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று, அதனால் இருபது நிமிஷம் என்று சொன்னது ஐம்பது நிமிஷமாயிற்று. முதல் இடத்தில் நான் கொடுத்த 3,500க்குக் கிடைத்த போனஸ் இது.

எடுத்ததை எனக்குக் காட்டினார்கள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணால் பார்த்தேன். வேகவைத்த ஜவ்வரிசியைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தில் இரண்டு புடைப்பு வைத்த மாதிரி, சாம்பல் கலந்த வெள்ளை. இரண்டு வருஷம் இதைத்தான் தலையில் சுமந்தேனா என்று இருந்தது. சிஸ்டர் ஒரு சின்ன பாட்டிலில் அதைப் போட்டார், எடுத்த சதை கெடாமல் இருக்க ஊற்றுகிற ஃபார்மலின் வாடை அறை முழுக்க. லேபிளை மூடியில் ஒட்டவில்லை, பாட்டிலின் உடம்பில் ஒட்டினார். ஏன் என்று கேட்டேன், தொழில் புத்தி. "மூடி மாறிடும் சார், பாட்டில் மாறாது" என்றார். பெயர், வயது, ஃபைல் நம்பர், இடது மேலிமை, எல்லாவற்றையும் சத்தமாகப் படித்து என்னையும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். 19 வருஷத்தில் எத்தனை மணமகன் பெயர் மாறி எத்தனை சண்டை, இந்தச் சிஸ்டரை என் கடையில் பைண்டிங் செக்ஷனில் உட்கார வைக்கலாம்.

மூன்றாவது குறை பில். ஆபரேஷனுக்கு 6,500 என்று முன்கூட்டியே சொன்னார்கள், பேத்தாலஜிக்கு, அதாவது அந்தப் பாட்டிலில் இருப்பதை டெஸ்ட் பண்ண, 1,200 தனி என்று அன்றைக்குக் கவுண்டரில்தான் தெரிந்தது. அந்த 1,200தான் நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு, அதில் சந்தேகமில்லை, ஆனால் முன்னால் சொல்லுங்கள். கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்று சொல்லிப் பாட்டிலை அனுப்ப வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால்? எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அப்படித்தான் முழித்துக்கொண்டிருந்தார். சிஸ்டரே பேசிக் குறைத்துக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நாலாவது குறை, பெரிய குறை. ரிப்போர்ட் ஏழு நாளில் என்றார்கள். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள், ரிப்போர்ட் வரவில்லை. எட்டு, ஒன்பது. போன் பண்ணினால் "பிராசஸ்ல இருக்கு சார்" என்ற ஒரே பதில். அந்தத் துண்டு போட்ட பெரியவர் ராத்திரியெல்லாம் கண் முன்னால் வந்தார். இணையத்தில் தேடாதே என்று வீட்டுக்காரி போனைப் பிடுங்கி வைத்தாள், நான் கடை கம்ப்யூட்டரில் தேடினேன், பார்த்த படங்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. பத்திரிகை லேட்டானால் நான் காரணத்தோடு போன் பண்ணிச் சொல்கிறேன், கல்யாணப் பத்திரிகைக்கே அந்த மரியாதை உண்டு. பதினொன்றாம் நாள் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக முதலில் மெல்லிசாகச் சீவியதில் கொஞ்சம்தான் தெரிந்ததாம், இன்னும் ஆழமாகச் சீவிப் பார்த்திருக்கிறார்கள். நல்ல காரணம்தான். அதை எட்டாம் நாள் ஒரு வரியில் சொல்லியிருந்தால் மூன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

ரிப்போர்ட்டில் என் கட்டிக்கு இருந்த பெயர் காண்ட்ராய்டு சிரிங்கோமா. சாதுவான கட்டி, வியர்வைச் சுரப்பியிலிருந்து வருவது, இமையில் அபூர்வம். காண்ட்ராய்டு என்றால் குருத்தெலும்பு மாதிரி. வியர்வைச் சுரப்பிக்கும் குருத்தெலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களைப் போலத்தான் நானும் கேட்டேன். சுரப்பிக் குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற தசை மாதிரியான செல்கள் உண்டு, கட்டியாக வளரும்போது அந்தச் செல்கள் கொழகொழப்பான பொருளையும் குருத்து மாதிரியான பொருளையும் சுரந்துவிடுமாம். அதனால் ஒரே கட்டிக்குள் குழாயும் இருக்கும், குருத்தும் இருக்கும். காதுக்குக் கீழே எச்சில் சுரப்பியில் இதே ஜாதிக் கட்டி சாதாரணமாக வருமாம், தோலில் வந்தால் இந்தப் பெயர், ஹிர்ஷ், ஹெல்விக் என்ற இரண்டு பேர் 1961இல் வைத்தது. ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம், நடு வயதில் வரும், வலிக்காது, மெதுவாக வளரும். அப்படியே என் ஜாதகம். ஓரங்களில் மிச்சமில்லை என்றும் எழுதியிருந்தது, அந்த வரியைத்தான் டாக்டர் முதலில் விரல் வைத்துக் காட்டினார். மிச்சம் இருந்தால் திரும்ப வரும், மிக அரிதாகப் பொல்லாததாகவும் மாறும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். டாக்டர் உட்கார்ந்து விளக்கியதால் புரிந்தது. செல்லூர் அக்கா மாதிரி ஆட்களுக்குக் கீழே தமிழில் இரண்டு வரி போட்டுக் கொடுக்கலாம், வேண்டுமானால் நானே அச்சடித்துத் தருகிறேன்.

எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. நான் அச்சகக்காரன், சீவுவது எப்படி என்று பார்க்கலாமா என்று கேட்டு வைத்தேன், பேத்தாலஜி டாக்டர் கூப்பிட்டுவிட்டார். துணுக்கை மெழுகில் கட்டியாக உறைய வைத்து மைக்ரோடோம் என்ற கருவியில் சீவுகிறார்கள், ஒரு சீவல் 4 மைக்ரான். நான் ஓட்டுகிற 70 ஜி.எஸ்.எம். தாள் கிட்டத்தட்ட 100 மைக்ரான், அப்படியானால் ஒரு தாளின் தடிமனில் இருபத்தைந்து சீவல். சீவியது ரிப்பன் மாதிரி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கிறது, கண்ணாடித் துண்டால் ஏந்தி எடுக்கிறார்கள், எங்கள் கட்டிங் மெஷின் ஆள் பார்த்தால் வேலையை விட்டுவிடுவான். பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். இரண்டே சாயம், செல்லின் கரு நீலமாகும், மற்றதெல்லாம் ரோஸ். மைக்ராஸ்கோப்பில் என் இமையைப் பார்த்தேன். ரோஸ் நிறத்தில் கிளை கிளையாகக் குழாய்கள், ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு வரிசை நீலப்புள்ளி, நடுவில் நீலமும் சாம்பலும் கலந்த கூழ், அந்தக் கூழுக்குள் அங்கங்கே தனித்தனிக் குழியில் ஒவ்வொரு புள்ளி, அதுதான் குருத்து. இடது கண்ணால்தான் பார்த்தேன். புள்ளி ஒன்றுகூட விலகவில்லை. கடையில் வந்து சொன்னபோது ஃபோர்மேன் நாலு கலராண்ணே என்றான், ரெண்டுதான்டா என்றேன், நம்பவில்லை.

மார்க் போடச் சொன்னால், டாக்டர்களுக்கும் அந்தச் சிஸ்டருக்கும் ஐந்துக்கு ஐந்து, லேபுக்கு நாலரை, கவுண்டருக்கும் போன் எடுக்கிறவர்களுக்கும் இரண்டு, திரைச்சீலைக்குப் பூஜ்யம். முதல் இடத்துக்கு மார்க் இல்லை. அவர் கட்டியைத் தப்பாகச் சொன்னதற்காக இல்லை, அது யாருக்கும் நடக்கும், வெட்டிப் பார்ப்பதற்கு முன் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் பெயர் சொல்லவில்லை. பக்கெட்டுக்குப் போன அந்தப் பஞ்சுக்காக.

போகிறவர்களுக்கு: ஓகுலோபிளாஸ்டி எந்தெந்தக் கிழமை என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள், தினமும் கிடையாது. டோக்கன் எட்டு மணிக்குத்தான், ஏழு மணிக்குப் போய் நின்றாலும் கேட் திறக்க மாட்டார்கள். பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், முன்னால் கீறியிருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். பார்மலின் பாட்டில் எங்கே போகிறது, ரிப்போர்ட் எந்தத் தேதி, யாரிடம் கேட்பது, மூன்றையும் கவுண்டரில் எழுதி வாங்குங்கள். மெழுகுக்கட்டியை அவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள், அதன் நம்பர் ரிப்போர்ட்டில் மேல் மூலையில் இருக்கும், நான் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். கேன்டீனில் காபி பரவாயில்லை, வடை வேண்டாம்.